வீட்டில் கட்டிய விமானமும் ஒரு துண்டு ஈயமும்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பரிசளிப்பு முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். “தாத்தா, உங்க மாப்பிள்ளை அமெரிக்காவிலே வீட்டிலேயே ஏரோப்ளேன் செஞ்சாராமே! நிஜமாவே பறக்குமா? கீழே விழுந்துடாதா?”

பறக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அவனுடைய இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்லிவிட முடியாது. விழாமல் இருப்பதற்குச் செய்ய வேண்டிய பல காரியங்களில் ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நான் விமானப் பொறியாளன் அல்லன். டிப்ளமா முடித்து 36 ஆண்டுகள் ரயில் பெட்டிகளோடு காலம் தள்ளியவன். தெரிந்தவரைக்கும் எளிமையாகச் சொல்கிறேன்.

முதலில், வீட்டில் விமானம் கட்டுவது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் பால் போபெரெஸ்னி என்பவர் 1953ல் விஸ்கான்சின் மாநிலத்தில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். விமானத்தின் பெரும்பகுதியைத் தம் கையாலேயே, கற்பதற்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ கட்டியிருந்தால் அதற்குத் தனிப் பிரிவில் அங்கே அனுமதி உண்டு. நம் மும்பையிலும் காந்திவலியில் விமானி அமோல் யாதவ் தம் கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டினார். 2016ல் இங்கே நடந்த ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2017ல் அதற்கு அரசுப் பதிவும் கிடைத்தது.

மடல்கள் எதற்கு?

விமானத்தின் இறக்கையிலும் வாலிலும் பின்பக்கம் கதவுபோல் கீலில் ஆடும் பலகைகள் இருக்கும். இறக்கையில் இருப்பது எய்லரான். விமானத்தை இடமோ வலமோ சாய்க்கும். வாலில் படுக்கையாக இருப்பது எலிவேட்டர்; மூக்கை ஏற்றி இறக்கும். செங்குத்தாக நிற்பது ரட்டர். படகின் சுக்கான் போன்றது. இவை மூன்றையும் இக்கட்டுரையில் மடல் என்றே அழைக்கிறேன்.

கீல் மடலின் முன் விளிம்பை ஒட்டி இருப்பதால், மடலின் எடையில் பெரும்பகுதி கீலுக்குப் பின்னால் விழும். நிறுத்தி வைத்த சிறு விமானங்கள் சிலவற்றில் எலிவேட்டர் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாகப் பறக்கும் விமானத்தில் அதனால் பெரிய தொல்லை இல்லை. வேகம் கூடும்போதுதான் விபரீதம்.

இறக்கையை இரும்புப் பாலம் போல விறைப்பானது என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு வில். காற்று ஒரு தட்டுத் தட்டினால் மேலே வளைந்து, மீண்டு, கீழே வளையும். இறக்கை சட்டென்று மேலே எழும்பும்போது அதன் பின்னால் தொங்கும் கனமான எய்லரான் உடனே கூட வருவதில்லை. அதன் பின் விளிம்பு பின்தங்கிக் கீழேயே நிற்கும். எய்லரானின் பின் விளிம்பு கீழே இறங்கினால் என்ன ஆகும்? அந்த இறக்கைக்குத் தூக்கு விசை கூடும். அதாவது, ஏற்கெனவே மேலே போகிற இறக்கையை எய்லரானும் சேர்ந்து மேலே தள்ளுகிறது. இறக்கை கீழே திரும்பும்போது இதே கதை தலைகீழாக. ஊஞ்சலில் ஆடும் குழந்தையைச் சரியான சமயம் பார்த்து ஒவ்வொரு முறையும் தள்ளிவிடுவது போலத்தான்.

தள்ளுகிற கை எது? எதிரே வரும் காற்று. அதன் சக்தி தீர்ந்துபோவதே இல்லை. குறைந்த வேகத்தில் அதே காற்று ஆட்டத்தை அடக்கியும் விடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடக்குவது குறைந்து, தூண்டுவது மிஞ்சிவிடும். அப்புறம் ஆட்டம் சுற்றுக்குச் சுற்று பெரிதாகி, சில நொடிகளுக்குள் மடலோ இறக்கையோ பிய்ந்துபோகலாம். விமானத் துறையில் இதை ஃப்ளட்டர் என்பார்கள். நாம் படபடப்பு என்று வைத்துக்கொள்வோம்.

ரயிலிலும் உண்டு

இதைக் கேட்டவுடன் எனக்கு ரயில் நினைவுதான் வந்தது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளின் சக்கரத்தைக் கூர்ந்து பார்த்தால், தண்டவாளத்தில் உருளும் பரப்பு சமதளமாக இராது. 20க்கு 1 என்ற கணக்கில் சரிந்திருக்கும். வளைவில் வண்டி தானாக வழி கண்டு ஓட இந்தச் சரிவு உதவுகிறது. ஆனால் நேர்ப்பாதையில் வேகம் மிகுந்தால் இதே சரிவு சக்கர ஜோடியை இடமும் வலமுமாக அலைக்கழிக்கும். இதற்கு ஹன்டிங் என்று பெயர். இதற்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானே அடங்கும். மேலே போனால் வளரும்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்து குழிந்தால் அந்த எல்லை வேகம் குறைந்துவிடும். புதுச் சக்கரத்தில் பத்திரமாக இருந்த வேகம் தேய்ந்த சக்கரத்தில் பத்திரமில்லை. வண்டி அதே வண்டிதான், பாதையும் அதே பாதைதான்.

இந்தப் பாடத்தை நான் படித்தது புத்தகத்தில் அல்ல. 1994ல் ஒரு பெட்டியைப் பரிசோதித்து அனுப்ப வேண்டிய நாளில், முந்தைய பரிசோதனைச் சீட்டில் இருந்த சக்கர அளவுகளையே பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேஜை எடுத்துச் சக்கரத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அன்று ஆள் குறைவு, வேலை அதிகம் என்றெல்லாம் காரணம் சொல்லலாம், சொல்லியும் பார்த்தேன். மூன்றாம் நாள் வழியிலுள்ள ஒரு ஸ்டேஷனில் டி.எக்ஸ்.ஆர். அந்தப் பெட்டி தாறுமாறாக ஆடுவதாகச் சொல்லிக் கழற்றி சிக் லைனில் போட்டார். சக்கரம் அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தது. ஆண்டவன் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மெமோ வந்தது. அதைவிட, அன்று அந்தப் பெட்டியில் எத்தனை பேர் தூங்கிக்கொண்டு போனார்கள் என்ற நினைப்பு ரொம்ப நாள் என்னை விடவில்லை.

விமானக்காரர்கள் கண்ட மருந்து

படபடப்பு நோய் பழையது. 1916ல் பிரிட்டனின் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் வால் பகுதி பயங்கரமாக ஆடியது. லான்செஸ்டர், பேர்ஸ்டோ என்ற இரு அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். இடது எலிவேட்டரும் வலது எலிவேட்டரும் தனித்தனியே அசைய முடிந்ததால், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக ஆடி விமானத்தின் உடலையே முறுக்கின என்று கண்டார்கள். இரண்டையும் ஒரே உறுதியான குழாயால் இணைப்பதுதான் அதற்குச் சொன்ன மருந்து.

1920களின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டில் ஃபான் பவும்ஹவர், கோனிங் என்ற இருவர் ஒரு கடல் விமானத்தின் இறக்கைப் படபடப்பை ஆராய்ந்தபோது இன்னும் பொதுவான மருந்து கிடைத்தது. எய்லரானின் எடை மையத்தைக் கீலுக்கே கொண்டுவந்துவிட்டால் இறக்கை எழும்பும்போது எய்லரான் பின்தங்காது. பின்தங்காவிட்டால் தூண்டுதலும் இல்லை. இதற்காகக் கீலுக்கு முன்னால் ஓர் எடையை வைத்தார்கள். இன்றைக்கும் வீட்டில் கட்டும் விமானங்களில் செய்வது இதுதான். அமெரிக்காவில் மிகப் பிரபலமான ஆர்வி வகை விமானங்களில் ஆர்வி-6, ஆர்வி-7 போன்றவற்றின் எய்லரான் முன் விளிம்புக்குள் சமன் எடையாக இருப்பது சாதாரணத் தண்ணீர்க் குழாய் போன்ற கால்வனைஸ்டு இரும்புக் குழாய்தான். எலிவேட்டரின் நுனிகளில் கீலுக்கு முன்னே நீளும் கொம்புகளுக்குள் ஈயக்கட்டி இருக்கும்.

கராஜில் நடந்தது

2019ல் என் மகளின் பிரசவத்திற்காக நானும் என் மனைவியும் ஒகாயோ மாநிலத்துக்குப் போயிருந்தோம். பத்தியச் சமையலும் குழந்தைக் குளியலும் அவள் பொறுப்பு. எனக்கு வேலை இல்லை. மாப்பிள்ளை ஆறு வருஷமாகக் கராஜில் கட்டிவந்த இருவர் அமரும் அலுமினிய விமானம் எனக்குப் புகலிடம் ஆயிற்று.

நான் போனபோது வேலை முடியும் தறுவாயில் இருந்தது. வெள்ளையும் நீலமுமாக வண்ணம் பூசி, கண்ணாடி போல் பளபளத்தது. அரசுப் பரிசோதகர் வர இன்னும் பத்து நாள். எலிவேட்டரை மாட்டத் தயாராக வைத்திருந்தார்.

“மாப்பிள்ளை, இதுக்குச் சமன் பார்த்தாச்சா?”

“போன வருஷமே பார்த்தாச்சு மாமா. லாக் புக்கில தேதி போட்டு எழுதியிருக்கேன். அப்படியே அசையாம நின்னுது.”

“பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம்?”

அவர் பதில் சொல்லவில்லை. பிறகு, “பெயிண்ட்ல என்ன மாமா பெரிய வெயிட் இருக்கப் போகுது?” என்றார்.

மாப்பிள்ளையிடம் அதற்கு மேல் வாதாடுவது முறையல்ல. 1994ஆம் வருஷத்துக் கதையை மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், எழுந்துபோய்க் கட்டுமானக் கையேட்டைக் கொண்டுவந்தார். வண்ணம் பூசிய பிறகு மறுபடியும் சமன் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரே ஒரு வரி இருந்தது. ஆறு வருஷத்திற்கு முன்பு படித்தது, மறந்திருந்தார்.

அன்றிரவே பார்த்தோம். இரண்டு மரத் தாங்கிகளை நீர்மட்டம் வைத்துச் சமமாக நிறுத்தி, கீல் பேரிங்குகளில் வழவழப்பான ஊசிகளைச் செருகி, எலிவேட்டரின் ஒரு பாதியை அவற்றின்மேல் வைத்தோம். கையை எடுத்ததும் பின் விளிம்பு மெல்லக் கீழே இறங்கியது. மாப்பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை; பார்ப்பது மரியாதையாக இராது.

சமையலறையிலிருந்து மகளின் டிஜிட்டல் தராசைக் கொண்டுவந்து, எலிவேட்டரை மட்டமாக நிறுத்தி, பின் விளிம்பு தராசில் அமரும்படி வைத்தோம். 90 கிராம் காட்டியது. கீலிலிருந்து அந்த இடம் 40 சென்டிமீட்டர். பள்ளியில் திருப்புத்திறன் என்று படித்தோமே, அந்தக் கணக்குத்தான்: 90 பெருக்கல் 40, ஆக 3,600. வண்ணத்திற்கு முன் எழுதிவைத்த எடையோடு ஒப்பிட்டால் 180 கிராம் கூடியிருந்தது. அந்த வண்ணத்தின் எடை கீலுக்குப் பின்னால் சராசரியாக 20 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொண்டால் 180 பெருக்கல் 20, அதே 3,600. கணக்கு நேரானது.

முன்கொம்பில் ஈயம் வைக்க இடம் கீலிலிருந்து 15 சென்டிமீட்டர்தான். 3,600ஐ 15ஆல் வகுத்தால் 240 கிராம். ஒரு தீப்பெட்டி அளவுள்ள ஈயம்! பின்னால் ஏறிய 180 கிராம் வண்ணத்திற்கு முன்னால் 240 கிராம் தேவைப்பட்டது. முன்பக்கக் கை குட்டையானது என்பதால் எப்போதும் இப்படித்தான் வரும்.

கிட் தயாரித்தவர்களிடம் கேட்டு, எவ்வளவு ஈயம் சேர்க்கலாம், எப்படிப் பிணைக்க வேண்டும் என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு பாதிகளுக்கும் போல்ட் போட்டுப் பொருத்தினோம். மறுபடி தாங்கியில் வைத்தபோது மட்டமாக நின்றது. சற்றுச் சாய்த்து விட்டாலும் விட்ட இடத்திலேயே நின்றது. எய்லரான்களையும் ரட்டரையும் விடவில்லை. வாலில் எடை கூடியதால் முழு விமானத்தையும் மறுபடி எடைபோட்டு, அதன் எடை மையம் எல்லைக்குள் இருக்கிறதா என்றும் பார்த்தார். பரிசோதகரின் வருகை ஒரு வாரம் தள்ளிப்போனது. அவ்வளவுதான் நஷ்டம்.

செய்வோருக்குச் சில குறிப்புகள்

சமன் பார்க்கும்போது கராஜின் கதவை மூடி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கீலில் இறுக்கம் இருக்கக் கூடாது. இறுக்கமான கீல் சமனாக நிற்பதுபோல் பொய்க்காட்சி காட்டும். ட்ரிம் டேப் என்ற சிறு மடல், அதன் கம்பி உட்படப் பறக்கும்போது மடலோடு இருப்பவை எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். ட்ரிம் டேப்பில் லூஸ் ஆட்டம் இருந்தால், சமன் சரியாக இருந்தாலும் அதுவே படபடப்பைத் தொடங்கிவைக்கலாம்.

எவ்வளவு சமன் வேண்டும் என்பது விமானத்துக்கு விமானம் மாறும். சிலவற்றில் முன்பக்கம் சற்றுக் கனமாக இருக்கச் சொல்வார்கள்; சிலவற்றில் பின்பக்கம் கொஞ்சம் கனத்தை அனுமதிப்பார்கள். வரைபடத்தில் உள்ளதுதான் சட்டம். ஈயத்தை எங்கே வைப்பது என்பதும் அப்படியே. இறக்கை நுனி அதிகம் ஆடும், அடிப்பகுதி குறைவாக ஆடும். ஆகவே தாங்கியில் சமனாக நின்றாலும், ஈயம் இருக்குமிடம் மாறினால் பறக்கும்போது பலன் மாறும்.

ஈயம் தளர்ந்து விழுந்தால் மடலே மாட்டிக்கொள்ளலாம். எனவே பிணைப்பு இரும்புப் பிடியாக இருக்க வேண்டும். ஈயம் நஞ்சு. கையுறை போட்டு வேலை செய்து, முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதில் கண்டிப்பு தேவை. என் மகள் எங்களை உடை மாற்றாமல் உள்ளேயே விடவில்லை.

சமன் கெடுவது வண்ணத்தால் மட்டுமல்ல. பின் விளிம்பில் ஒட்டுப் போட்டாலும், நீர் வடியும் துளை அடைத்து மழைநீர் உள்ளே தேங்கினாலும், பழைய வண்ணத்தின் மேலேயே புது வண்ணம் அடித்தாலும் கெடும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. படபடப்பைப் பெரிதும் தீர்மானிப்பது காற்றினூடே விமானம் போகும் உண்மையான வேகம். வேகமானியோ உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் குறைத்துக் காட்டும். சராசரிப் பருவநிலையில் 10,000 அடி உயரத்தில் கருவி 160 நாட் காட்டினால் உண்மை வேகம் சுமார் 186 நாட். கீழே பத்திரமாக இருந்த அதே முள், மேலே எல்லையைத் தாண்டிய வேகமாக இருக்கக்கூடும்.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை

20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, குறுக்காக ஒரு ஸ்ட்ராவை ஒட்டுங்கள். ஸ்ட்ராவுக்குள் பின்னல் ஊசியை விட்டு இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். இதுதான் கீல். அட்டை தொங்கும், இன்னொருவர் ஒரு விரலால் அதை மட்டமாகத் தாங்கிக்கொள்ளட்டும். விரலை எடுத்த கணமே ஊசியைச் சட்டென்று மேலே தூக்குங்கள். அட்டையின் நீண்ட பக்கம் பின்தங்கிச் சாய்வதைப் பார்க்கலாம். அடுத்து, குட்டைப் பக்கத்தின் ஓரத்தில் நாணயங்களை ஒவ்வொன்றாக ஒட்டி அட்டையைச் சமனாக்குங்கள். மறுபடி தூக்குங்கள். இப்போது அட்டை மட்டமாகவே கூட வரும். நாணயம்தான் ஈயம்.

ஒரு பயிற்சிக் கணக்கும் தருகிறேன். ஒரு மடலில் 150 கிராம் வண்ணம் ஏறியது. அதன் எடை மையம் கீலுக்குப் பின்னால் 18 சென்டிமீட்டர். ஈயம் வைக்குமிடம் கீலுக்கு முன்னால் 12 சென்டிமீட்டர். எவ்வளவு ஈயம் வேண்டும்? மடலின் எடை மொத்தம் எவ்வளவு கூடும்? விடை: 225 கிராம் ஈயம், மொத்தம் 375 கிராம் கூடும்.

நாங்கள் மும்பை திரும்பிய பிறகு மாப்பிள்ளை முதன்முறையாகப் பறந்தார். புது விமானத்தை முதல் 25 அல்லது 40 மணி நேரம் பயணி இல்லாமல் ஓட்ட வேண்டும் என்பது அப்போது அங்கே இருந்த விதி. அது முடிந்ததும் முதலில் ஏறியவள் என் மகள். மேலிருந்து எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அதில் வயல்கள், ஒரு நதி, ஓரத்தில் நீல நிற இறக்கை. படத்தைப் பெரிதாக்கி எய்லரானைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

அந்தப் பையனுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வீட்டில் கட்டிய விமானம் பறக்கும், தம்பி. ஆனால் போன வருஷம் அளந்த அளவை நம்பி இந்த வருஷம் கையெழுத்துப் போடாதே. பொருளில் கை வைத்தபின் மறுபடி அள. சக்கரமானாலும் சரி, இறக்கையானாலும் சரி.